வாசகர் கேள்வி–பதில்: மின்சாரத்துக்கு யார் உரிமையாளர்?

கேள்வி: மின் விநியோகத்தை அரசோ நகராட்சியோ நடத்தினால் கட்டணம் குறையும் என்று ஒரு சாராரும், தனியார் நடத்தினால்தான் குறையும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: போட்டி வந்தால் விலை குறையும் என்ற பொது விதி மின்கம்பிக்குப் பொருந்துவதில்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கம்பமும் மின்மாற்றியும் அமைத்தால் செலவுதான் இரட்டிக்கும் என்பதால், பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியிலும் கம்பி ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அந்த ஏகபோகத்தின் இலாபம் யாருக்குப் போகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது. தனியார் நிறுவனம் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை தர வேண்டும். பொது நிறுவனத்துக்கு அந்தச் சுமை இல்லை. அரசோ நகராட்சியோ பின்னால் நிற்பதால் அதற்குக் கடனும் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறது. அணைகளும் அனல்மின் நிலையங்களும் பல பத்தாண்டுக் கடனில் எழுபவை. அங்கே வட்டி ஒரு சதவீதம் குறைந்தாலும் அது யூனிட் விலையில் தெரியும். அமெரிக்காவில் மாநிலம் முழுவதற்கும் பொது அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களுமே மின்சாரம் தருவது நெப்ராஸ்காவில் மட்டும்தான். அங்கே கட்டணம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு.

ஆனால் இந்த மலிவில் ஒரு பகுதி, பொது நிறுவனத்திடமிருந்து அரசுக்கு வர வேண்டிய வருமான வரி வராததால் கிடைக்கும் மலிவு. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதை இலாபக் கணக்கில் எழுதலாகாது. சில நகராட்சிகள் மின் கட்டண வருவாயில் ஒரு தொகையை ஆண்டுதோறும் நகரின் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன. அது பெயர் சூட்டப்படாத வரி.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் அரசு மின் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மின்வெட்டை அமல்படுத்தியது. அரசு உடைமையின் தோல்விக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதில்: தோல்விதான், ஆனால் அது நிறுவனத்தின் தோல்வியா, உரிமையாளரின் தோல்வியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1923இல் தொடங்கிய அந்த நிறுவனமான எஸ்காம், உலகிலேயே மலிவான மின்சாரம் தந்த நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. புதிய நிலையங்கள் கட்டப்படாவிட்டால் உபரி உற்பத்தித் திறன் 2007 வாக்கில் தீர்ந்துவிடும் என்று 1998இல் அரசின் எரிசக்திக் கொள்கை அறிக்கையே எச்சரித்திருந்தது. ஆயினும், தனியார் முதலீடு வரும் என்று காத்திருந்த அரசு, எஸ்காம் புதிய நிலையங்கள் கட்டுவதற்கு உரிய காலத்தில் அனுமதி தரவில்லை. அவ்வளவு குறைந்த கட்டணத்தில் விற்க எந்த முதலீட்டாளரும் முன்வரவும் இல்லை. புதிய நிலையங்கள் தேவை என்று எஸ்காம் சொன்னதே சரி, அரசு செய்தது தவறு என்று 2007 இறுதியில் அன்றைய அதிபர் தாபோ இம்பெக்கியே ஒப்புக்கொண்டார். பிறகு அவசரமாகத் தொடங்கிய மெடுபி, குசிலே அனல்மின் நிலையங்கள் பல ஆண்டுகள் தாமதமாகி, செலவும் பன்மடங்கானது. ஒப்பந்தங்களில் ஊழல் நுழைந்தது. நகராட்சிகள் செலுத்த வேண்டிய கட்டண பாக்கி மலைபோலக் குவிந்தது. 2023இல் 25,400 கோடி ராண்ட் கடனை அரசே ஏற்க நேர்ந்தது.

உரிமையாளரே விலையையும் நிர்ணயிக்கும் இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கட்டணத்தை உயர்த்த வேண்டிய ஆண்டு தேர்தல் ஆண்டாக அமைந்துவிட்டால், உயர்வுக்குப் பதில் பராமரிப்புதான் தள்ளிப்போடப்படுகிறது. பழைய மின்மாற்றிக்கு ஓட்டுரிமை இல்லை. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பிரான்சின் ஈ.டி.எஃப். மின் நிறுவனத்தில் பெரும்பங்கு வைத்திருந்த அரசு, 2022இல் கட்டண உயர்வை 4 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தி, கூடுதல் மின்சாரத்தைப் போட்டி நிறுவனங்களுக்கு மலிவாக விற்கவும் அதைக் கட்டாயப்படுத்தியது. அதே ஆண்டில் பல அணு உலைகள் பழுதாகி நின்றதும் சேர்ந்து, நட்டம் சுமார் 1,790 கோடி யூரோவை எட்டியது. மறு ஆண்டே அரசு அந்த நிறுவனத்தை முழுவதுமாகத் தன் உடைமையாக்கிக்கொண்டது. நுகர்வோர் அன்று கட்டணமாகக் கொடுக்காததை வரி செலுத்துவோராகக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: பொது நிறுவனத்தில் மக்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா?

பதில்: விதிகள் இடம் கொடுத்தால் உண்டு. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் மின் நிறுவனத்தின் இயக்குநர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அடிக்கடி பழுதான ராஞ்சோ சீக்கோ அணுமின் நிலையத்தை மூடுவதென்று 1989இல் மக்கள் வாக்களித்தார்கள், அது மூடப்பட்டது. ஆனால் வாக்குரிமை மட்டும் காப்பாற்றிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின் நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு ஒன்று, மின்தேவை பெருகிக்கொண்டே போகும் என்று நம்பி ஐந்து அணு உலைகளைக் கட்டப் புறப்பட்டது. அவற்றுள் ஒன்றுதான் முடிந்தது. 1983இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் அது கைவிரித்தது. வாக்காளருக்கு மாதக் கட்டணம் கண்ணில் படுவதுபோல முப்பதாண்டுக் கடன் படுவதில்லை.

கேள்வி: நெருக்கடி வந்தால் எவ்வகை நிறுவனம் விளக்கை அணையாமல் காக்கும்?

பதில்: உடைமையை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. 2000–01இல் கலிபோர்னியாவின் மின்சந்தை நிலைகுலைந்து பெரிய தனியார் நிறுவனம் ஒன்று திவாலானபோது, தன் மின் நிலையங்களை விற்காமல் வைத்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் நகர நிறுவனம் வெட்டின்றி மின்சாரம் தந்தது. உபரியை மாநிலத்துக்கு நல்ல விலைக்கு விற்கவும் செய்தது. ஆனால் 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது, நகராட்சியே மின்சாரம் தரும் ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் இருளில் மூழ்கின. தனியார் நிறுவனம் மின்சாரம் தரும் அதே மாநிலத்து எல் பாசோ பெரும்பாலும் தப்பியது. டெக்சாஸின் பெரும்பகுதியைப் போலன்றி அது வேறொரு பெரிய மின் தொகுப்பில் இணைந்திருந்ததும், 2011 குளிருக்குப் பின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி செப்பனிட்டிருந்ததுமே அதற்குக் காரணம்.

கேள்வி: தனியாரிடம் உள்ள கம்பிகளை ஒரு நகரம் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: முடியும். 2013இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் அவ்வாறு வாக்களித்து, மறு ஆண்டே மின் வலையமைப்பை நகரத்தின் உடைமையாக்கினார்கள். கொலராடோவின் போல்டர் நகரம் 2011இல் அதே முயற்சியைத் தொடங்கி, விலை நிர்ணயத்திலும் வழக்குகளிலும் சுமார் பத்தாண்டுகளைச் செலவழித்து, 2020இல் கைவிட்டது.