ஜூலு பொல்லா, வேறு பொல்லா?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த சித்தப்பா, அங்கே ஏலத்தில் எடுத்த பொல்லு ஒன்றைத் தந்தார். இரண்டடி நீளம், நுனியில் குரும்பை அளவு உருண்டை. 'ஜூலு' என்று துண்டு ஒட்டியிருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: உருண்டையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். தென்னாபிரிக்காவின் உருண்டைத்தலைப் பொல்லான நொப்கெரி (அங்குள்ள ஜூலு மக்களின் மொழியில் இவிசா) ஒரே மரத்தில் செதுக்கப்படுவது. வேரடியோ கணுவோ உருண்டையாகும், அதிலிருந்து கிளம்பும் கொப்பு பிடியாகும். ஆகவே பிடியின் நாரோட்டம் கழுத்தில் விரிந்து உருண்டைக்குள் ஏற வேண்டும். கழுத்தைச் சுற்றி மயிரிழைபோல வெட்டு ஓடினாலோ, உருண்டையின் உச்சியில் வட்டமாக வேறு துண்டு தெரிந்தாலோ, அது துளைத்துச் செருகி ஒட்டியது.

பிறகு யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையால் செதுக்கிய உருண்டையில் சிறு தட்டை முகங்கள் மினுங்கும். கடைசலில் சம வளையக் கோடுகள் விழும். கை பிடித்த இடத்தில் மட்டும் மினுக்கம் கூடியிருந்தால் நல்லது. இடுக்கெல்லாம் ஒரே கறுப்பென்றால் சப்பாத்து மை என்று சந்தேகியுங்கள்.

ஒட்டிய துண்டுக்கு மதிப்புக் குறைவு. ஜூலுக்களோடு நடந்த 1879 போருக்குப் பிறகு பிரித்தானியர் நினைவுப் பொருளாகக் கொண்டுபோன பொல்லுகளில், அயல் இனத்தவரின் பொல்லுகளுக்கும் 'ஜூலு' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. செப்புக் கம்பி பின்னிய பிடி அயலிலுள்ள சோங்கா மக்களிடமும் உண்டு. கிழக்காபிரிக்க மசாய் மக்களின் ருங்கு என்ற பொல்லு இதைவிட மெல்லியது, ஒன்றரை அடியளவு, எறிவதற்கும் ஆனது. உருண்டையில் பூசணிபோல வரிப்புடைப்பு இருந்தால் ஆபிரிக்காவையே மறந்துவிடுங்கள். அது பிஜித் தீவின் 'உலா' என்ற எறிபொல்லாக இருக்கலாம்.

அசல் பொல்லு தாழும் என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். நம் மரக்காலைப் பாலைத் துண்டும்தான் தாழும்.

கேள்வி: என்னிடமுள்ள பழைய பொல்லின் துளைகளிலிருந்து மாவு கொட்டுகிறது. மண்ணெண்ணெய் பூசவா?
- வாசகர், மாங்குளம்

பதில்: பூசினால் பழைய மினுக்கம் போய்விடும். அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு கிழமை அசைக்காமல் விடுங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. பொலித்தீன் பையில் இரட்டையாகச் சுற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, பூச்சியம் பாகைக்குக் கீழே 20 பாகையில் உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். மின்சாரம் நெடுநேரம் நின்றால் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் மரத்தில் ஈரம் கோத்து வெடிக்கும்.

வாங்கும்போது துளைக்குள் மெல்லிய ஊசியை விடுங்கள். பூச்சி போன வழி வளையும், துறப்பணம் போட்ட பொய்த்துளை நேரே போகும்.