சுவரைத் தடியாக்கினால் தாங்குமா?

வாசகர் கேள்வி - பதில். பதில் சொல்பவர், வியாசர்பாடியில் ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி செய்துதரும் பட்டறைக்காரர்.

கேள்வி: கொடுங்கையூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் 'பிரஷர் செல்' (பொருளை உள்ளே வைத்து பிஸ்டனால் அழுத்தும் கெட்டியான குழாய்) வேண்டும் என்று டிராயிங் கொடுத்திருக்கிறார். உருளை. உள்துளை 6 மி.மீ., வெளிவிட்டம் 30 மி.மீ., மெட்டீரியல் பெரிலியம் காப்பர். 1.5 ஜிகாபாஸ்கல் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 15,000 மடங்கு, தாங்க வேண்டுமாம். அந்த உலோகம் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். இ.என்.24 ஸ்டீலில், விட்டத்தை 60 ஆக்கிச் செய்து கொடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம் ஐயா. இரண்டுமே அவருக்கு உதவாது.

முதலில் தடிமன். உள்ளே அழுத்தம் ஏறும்போது சுவர் முழுக்கச் சமமாகச் சுமப்பதில்லை. துளையை ஒட்டிய உள்தோல்தான் அடி வாங்குகிறது. உங்கள் அளவை வைத்தே கணக்குப் போட்டேன். உள்தோலைப் பிய்க்கப் பார்க்கும் இழுவிசை, அழுத்தத்தைவிட 8 சதவீதம் அதிகம். வெளித்தோலிலோ அது அழுத்தத்தில் 12-ல் ஒரு பங்குதான். விட்டத்தை 60 ஆக்கினால் அந்த 8 சதவீதம் 2 ஆகும், அவ்வளவே. கிலோ கணக்கில் உலோகத்தைச் சேர்த்தும் உள்தோலுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது.

அதற்கு வழி வேறு. பீரங்கிக் குழாய் செய்தவர்கள் கண்ட வழி. வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஒருமுறை வேண்டுமென்றே ஏற்றி, உள்தோலை மட்டும் கொஞ்சம் விரிந்துகொடுக்க வைப்பார்கள். அழுத்தத்தை இறக்கியதும் வெளிப்பகுதி பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். விரிந்த உள்தோலைச் சுற்றி நின்று இறுக்கும். அடுத்த முறை அழுத்தம் ஏறும்போது முதலில் அந்த இறுக்கம் தளர வேண்டும், அதற்குப் பிறகுதான் இழுவையே தொடங்கும். இன்னொரு வழி இரட்டைச் சுவர்: நிக்கல்-குரோமியம்-அலுமினியக் கலவையில் ஓர் உள்குழாயை லேசான டேப்பர் கொடுத்து, பெரிலியம் காப்பர் கூட்டுக்குள் பிரஸ்ஸில் இறக்குவது. 2 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே உங்கள் கவனமெல்லாம் துளையில் இருக்கட்டும். ரீமர் விட்ட கோடு ஒன்று போதும், விரிசல் அங்கிருந்து கிளம்ப. உலோகம் மெத்தென்று இருக்கும்போதே கடைந்து, ஹோனிங்குக்கு (துளையை வழவழப்பாகத் தேய்க்கும் வேலைக்கு) கொஞ்சம் விட்டுவையுங்கள். அப்புறம் சுமார் 315 டிகிரி செல்சியஸில் 2, 3 மணி நேரம் சூடேற்றினால் கெட்டிப்படும். அதில் அளவு லேசாக மாறும் என்பதால் கடைசி ஹோனிங் அதற்குப் பிறகுதான். துளைக்குள் விளக்கடித்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஒளி எங்காவது உடைந்து தெரிந்தால் இன்னும் வேலை முடியவில்லை.

இப்போது ஸ்டீல். பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாணவர் அளக்கப்போவது சில மில்லிகிராம் பொருளின் காந்தத்தன்மையை. சுற்றிலும் ஸ்டீல் இருந்தால் கருவிக்கு ஸ்டீல் மட்டும்தான் தெரியும். ஸ்டெயின்லெஸ் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 304 தகட்டை மடக்கி, மடக்கிய இடத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள், லேசாகப் பிடிக்கும். ஏன், நல்ல பெரிலியம் காப்பரையே ஸ்டீல் அரத்தால் தேய்த்தால் இரும்புத் துகள் மேலே ஒட்டிக்கொள்ளும். அதுவும் அளவில் வந்து நிற்கும். அரம், எமரி ஷீட் எல்லாம் இந்த ஜாபுக்கென்று தனியாக வையுங்கள்.

பிஸ்டனைப் பற்றியும் அவரிடம் கேட்டுவிடுங்கள். டங்ஸ்டன் கார்பைடைப் பெரும்பாலும் கோபால்ட் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள், கோபால்ட் காந்தம். காந்த அளவீட்டுக்கு ஸிர்கோனியா பிஸ்டன் நல்லது. 6 மி.மீ. துளையில் 1.5 ஜிகாபாஸ்கல் என்றால் பிஸ்டன் மேல் நான்கே கால் டன் உட்காரும். பிரஸ்ஸில் ஏற்றி, லாக் நட்டை முறுக்கி, அழுத்தத்தை உள்ளேயே சிறைவைத்து எடுக்கும்வரை தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். பிஸ்டனுக்கு நேர்க்கோட்டில் முகத்தை நீட்டவே கூடாது.

கேள்வி: ராயபுரத்தில் இருந்து எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். ஒரே செல்லை ஸ்குவிட் காந்தமானியிலும் (மிக நுண்ணிய காந்தத்தன்மையை அளக்கும் கருவி) நியூட்ரான் சிதறலிலும் (பொருள் மேல் நியூட்ரான் கற்றையை விட்டு, அது சிதறுவதை அளக்கும் முறை) பயன்படுத்த முடியாதா?

பதில்: முடியாது தம்பி. பரவலாகப் புழங்கும் ஸ்குவிட் கருவியில் செல் நுழையும் குழாய் 9 மி.மீ. அகலம்தான். எனவே அங்கே போகும் செல் பென்சில் போல ஒல்லியாக, மேலும் கீழும் ஒரே சீராக நீளமாக இருக்க வேண்டும். சீரான நீளப் பொருளின் சமிக்ஞையைக் கருவியின் சுருள்களே பெரும்பாலும் கழித்துவிடும். மிஞ்சுவது நடுவில் இருக்கும் மாதிரியுடையது.

நியூட்ரானுக்கு வேறு பிரச்சினை. நம் மும்பை டிராம்பேயில் 1985 முதல் இருக்கும் 100 மெகாவாட் துருவா அணு உலையாகட்டும், வெளிநாட்டு உலையாகட்டும், எக்ஸ்-கதிரோடு ஒப்பிட்டால் கற்றை மெலிசு. அதனால் மாதிரி பெரிதாக வேண்டும், துளையும் கூடவே பெரிதாகிறது, தேவைப்படும் விசை அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் டைட்டானியம்-ஸிர்கோனியம் கலவை. நியூட்ரானைச் சிதறடிப்பதில் டைட்டானியத்தின் குறி எதிர், ஸிர்கோனியத்தின் குறி நேர். அணுக்கணக்கில் சுமார் 68-க்கு 32 என்று கலந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். அளவீட்டில் செல்லின் சுவரிலிருந்து கூர்மையான கோடுகளே வராது. பலம் பெரிலியம் காப்பர் அளவுக்கு இல்லை என்பதுதான் குறை. அழுத்தத்தை மாதிரிக்குச் சமமாகக் கடத்த உள்ளே ஊற்றும் திரவத்திலும் ஹைட்ரஜன் ஆகாது, பின்னணி இரைச்சலைக் கூட்டிவிடும். ஹைட்ரஜன் இல்லாத ஃபுளோரினர்ட் போன்ற திரவம் ஊற்றுகிறார்கள். கோபால்ட் நிறைந்த கலவையை இங்கேயும் தவிர்க்கணும். கற்றையில் அது கோபால்ட்-60 ஆகிவிட்டால், பாதியாகக் குறையவே 5 வருடத்துக்கு மேல் ஆகும்.

கேள்வி: உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று எப்படித் தெரியும்? (அதே வாசகர்)

பதில்: பிரஸ் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. உராய்வு கொஞ்சம் தின்னும், குளிரூட்டும்போது இன்னும் கொஞ்சம் போகும். மாதிரியோடு ஈயத் துணுக்கு ஒன்றை வைப்பார்கள். சாதாரண அழுத்தத்தில் ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தி ஆகும், அதாவது மின்தடையே இல்லாமல் போகும். ஒரு ஜிகாபாஸ்கலுக்கு அந்த வெப்பநிலை ஏறக்குறைய 0.4 கெல்வின் இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் குளிரில் இருக்கும் உண்மையான அழுத்தம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் தம்பி திருவொற்றியூரில் டர்னர். பெரிலியம் விஷம் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. கட்டியாக இருக்கும் உலோகத்தைக் கையால் தொடுவதில் ஆபத்தில்லை. ஆபத்து மூச்சில் போகும் தூளில். அது நுரையீரலில் தங்கி, வருடங்கள் கழித்துக்கூட நோயாக வரலாம். கூலன்ட் ஓடவிட்டுத்தான் கடைய வேண்டும். உலர்ந்த கிரைண்டிங், பாலிஷ் இரண்டும் கூடாது. ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்வது எல்லாவற்றிலும் மோசம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றட்டும், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையில் நெஞ்சுநோய் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பெரிலியம் கலந்த உலோகத்தில் வேலை செய்கிறேன்' என்பதை அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே வராது.