மூன்றாவது தடவையும் போங்க, தம்பி

வேலூரிலிருந்து போன மாதம் ஜெர்மனிக்கு, இந்த ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த தம்பி கேட்டிருக்கிறார்: வீடு பிடிப்பது எப்படி, குளிர் கோட்டு எங்கே வாங்குவது, இங்குள்ள தமிழர்களின் ஜூம் சந்திப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை, இனியும் போகலாமா?

வீட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும், நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். கோட்டைப் பழைய துணிக் கடையில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் குடியாத்தம். 2013 செப்டம்பரில் வந்தேன். அப்போது சந்திப்பு ஸ்கைப்பில், குரல் மட்டும். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்ததால் துணி துவைக்கும் அறைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். "புதுசா வந்தவர் தன்னைப் பத்திச் சொல்லட்டும்" என்றார்கள். முகம் தெரியாத இருபது பேர். "இன்னா சொல்றதுன்னு தெரியலீங்க" என்று வந்துவிட்டது, ஒரே சிரிப்பு. கோயம்புத்தூர்க்காரர் "ஏனுங்க" என்றால் இனிமையாம், நாம் "இன்னா", "கீது" என்றால் மட்டும் காமெடி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்புறம் ஒருவர், ஊர் எது என்று கேட்டவர் அதோடு விடாமல் எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன் என்று போனார். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் ஜாதியைத் துருவுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள். "காட்பாடி ஸ்டேஷன் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்பு நவம்பரில். இந்திய நேரம் இரவு 8.30 என்று மட்டும் போட்டிருந்தார்கள். கோடையில் அது இங்கே மாலை 5, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிவிட்டால் 4. யாரும் சொல்லவில்லை. நான் 5 மணிக்குப் போனபோது நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் சந்திப்பை நடத்துவதே நானும் இன்னும் இருவரும்தான். இரண்டு ஊர் நேரத்தையும் போடுகிறோம். கேமராவைப் போடச் சொல்லி யாரையும் நெருக்குவதில்லை, பகிர்ந்த அறையில் இருப்பவன் சங்கடம் எனக்குத் தெரியும். புதியவருக்கு முந்தின நாளே ஒருவர் போன் பண்ணிவிட வேண்டும். கூட்டத்தில் நான்கு நான்கு பேராகப் பிரித்துப் பேசவிடுகிறோம், நாற்பது பேர் முன்னால் வாய் திறக்காதவரும் அங்கே திறப்பார். பழைய ஆட்களுக்குத்தான் இது பிடிக்காது. பதினைந்து வருஷத்துக் கதையைத் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துவிட்டு, இந்தக் காலத்துப் பசங்க ஒட்ட மாட்டேங்கிறாங்க என்பார்கள்.

நான் மூன்றாவது தடவை போனதே கால் மனசோடுதான். வாணியம்பாடி அக்கா ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: "குடியாத்தமா? கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அங்கே வந்திருக்கேன். பிரியாணிக்கு வைக்கிற கத்திரிக்காய் எனக்கு இங்கே சரியா வரல, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றியா?" அம்மாவுக்குப் போன் போட்டு, புளி, வேர்க்கடலை, எள் என்று வரிசையாக எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் அக்கா என்னையே வாசிக்கச் சொன்னார். எள்ளை எவ்வளவு வறுக்கணும் என்று நாலு பேர் குறுக்கே கேட்டார்கள், ஒரு ஆள்கூட என் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. சந்தோஷத்தில் மைக்கை அணைக்க மறந்துபோய், அப்புறம் நான் பாத்திரம் கழுவிய சத்தமெல்லாம் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.