மனைவிக்கு என்ன வேஷம்?

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டுக்கு மூத்தவன். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது, தங்கைக்குக் கல்யாணம் செய்தது எல்லாம் நான்தான். தம்பி மனை வாங்கியபோது மனைவியின் ஆரத்தை அடகு வைத்து முன்பணம் கொடுத்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயரே இல்லை. சமீபத்தில் உளவியலாளர் யுங்கின் தொல்படிமங்கள், அதாவது மனித மனத்தில் வழிவழியாக வரும் பாத்திர அச்சுகள், பற்றிப் படித்தேன். எங்கள் குடும்பம் அப்படியே பாரதம்தான். அம்மா குந்தி, தம்பி அர்ஜுனன், தாய்மாமா சகுனி, நான் கர்ணன். கொடுத்தே அழிவது என் விதியா? விழாவுக்குப் போகலாமா? – பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: பத்திரிகையில் பெயர் விட்டுப்போன கடிதங்களை வைத்தே இந்தப் பகுதியை ஒரு வருஷம் ஓட்டலாம். அதை அப்புறம் பார்ப்போம். தாய்மாமா வரைக்கும் வேஷம் கொடுத்துவிட்டீர்களே, மனைவிக்கு என்ன வேஷம்? கடிதத்தில் அவர் வருவது ஒரே இடத்தில், அதுவும் ஆரத்தோடு சேர்த்து. "அவளும் ஒன்றும் சொல்லவில்லை." கேட்டுவிட்டு எடுத்தீர்களா, எடுத்துவிட்டுச் சொன்னீர்களா?

கர்ணனின் மனைவிக்கும் வியாசரிடம் இதே கதிதான். போரெல்லாம் முடிந்து, ஸ்திரீ பர்வத்தில் காந்தாரி களத்தைக் கண்ணனுக்குக் காட்டும்போது, கர்ணனின் மகன் விருஷசேனனின் தாய் என்று ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். பெயர் கிடையாது. நம் கூத்துக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. பொன்னுருவி என்று பெயர் வைத்து, கர்ண மோட்சம் என்ற கூத்தில் அவளைப் பேச விட்டார்கள். நன்றாகவே பேசுவாள், நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

கர்ணன் கொடுத்தது கவச குண்டலம். உடம்போடு பிறந்தது, தன்னுடையது. அதையும் சும்மா கொடுக்கவில்லை. சூரியன் சொல்லி வைத்தபடி இந்திரனிடம் சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான். நீங்கள் கொடுத்தது மனைவியின் நகை. பாரதத்தில் தனக்கு உரிமை உண்டா என்று யோசிக்காமல் பெண்டாட்டியைப் பந்தயம் வைத்தவர் தருமர். வேஷம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்களுக்குப் பொருந்துவது அது. பாஞ்சாலியாவது, "முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா?" என்று சபையைத் திணற வைத்தாள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் கேட்கவில்லை. உடனே அதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

அந்தச் சபையில் கர்ணனும் இருந்தான். அவள் துகிலை உரியச் சொன்னவன் அவன்தான். துரியோதனனைச் சந்தோஷப்படுத்தப் பாண்டவர்களைக் கடுமையாகப் பேசியதற்காக வருந்துகிறேன் என்று பிற்பாடு கண்ணனிடம் அவனே சொல்கிறான். இதெல்லாம் நமக்கு நினைவுக்கு வராது. நாம் அறிந்த கர்ணன் பாதி வில்லிபுத்தூரார், பாதி சிவாஜி.

யுங்கையாவது முழுசாகப் படித்தீர்களா? தொல்படிமங்கள் எல்லார் மனசிலும் கிடப்பவை என்றார் அவர். ஆளுக்கு ஒன்று என்று பாகப்பிரிவினை செய்யவில்லை. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'இதுதான் நான்' என்று நினைப்பவன் ஊதிப்பெருத்துப் போவான் என்று எச்சரித்ததும் அவர்தான். நிழல் என்று ஒன்றும் சொன்னார்: தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாத பக்கம், அதை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்ப்போம். தாய்மாமாவைச் சகுனி என்கிறீர்கள். அவர் என்ன செய்தார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லையே?

விதியும் இல்லை. 'பாண்டவரில் மூத்தவன் நீ, ராஜ்யம் உனக்கு' என்று கண்ணனே வந்து அழைத்தான். கர்ணன் யோசித்துத்தான் மறுத்தான். நீங்களும் யோசித்துத்தான் அடகுக்கடைப் படி ஏறியிருப்பீர்கள்.

மூத்தவன் தம்பி தங்கையைக் கரையேற்ற வேண்டும். அதில் நான் பழைய மனுஷி, மாற்றிக்கொள்ளப் போவதில்லை. செய்தவர் பெயரைப் பத்திரிகையில் போடாதது தம்பியின் தப்பு, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடமையை உங்கள் சம்பளத்தில் செய்யுங்கள், உங்கள் உழைப்பில் செய்யுங்கள். மனைவியின் பெட்டியைத் திறந்து செய்துவிட்டு வள்ளல் பட்டத்தை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் உங்களிடம் கோபப்பட்டு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்றால், அந்த வீட்டில் பேசிப் பிரயோஜனமில்லை என்று எப்போதோ முடிவு செய்திருப்பார். தம்பி உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்கு முன்பே செய்துவிட்டீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. அடகுச் சீட்டை எடுத்து, அசலும் வட்டியும் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டு வாருங்கள். விழாவுக்கு முன்பே தம்பியை நேரில் பாருங்கள், அம்மா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். பெயர் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஆரத்தை மீட்க அவன் பங்கு எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். அது திரும்பி வரும்வரை சீர், மொய் எதுவும் பெரிதாக வேண்டாம்.

போகலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போக வேண்டும். மூத்த மகன் இல்லாமல் உங்கள் அம்மா அந்த வீட்டில் பால் காய்ச்சக்கூடாது. மனைவி வருவதா வேண்டாமா என்பதை அவரிடமே கேளுங்கள். "ஆரம் எங்கே?" என்று சொந்தக்காரப் பெண்கள் விசாரிக்கப் போவது அவரைத்தான். வரவில்லை என்று சொன்னால், ஏன் வரவில்லை என்று அங்கே கேட்பவர்களுக்கு உண்மையான காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.