இந்தியாவில் கார்கள் கொடுக்கிற விலைக்குத் தகுந்த தரத்தில் வருகின்றனவா?

இல்லை. ஆனால் அதற்குக் கம்பெனிக்காரனை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கார் பைத்தியம் பிடித்து இருபது வருஷமாச்சு, சொந்தக்காரர் யார் கார் வாங்கினாலும் ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் விலை. வரிக்கு முன்னால் 10 லட்சம் மதிப்புள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் நான்கு மீட்டரைத் தாண்டினாலோ, பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியைத் தாண்டினாலோ இப்போது ஜிஎஸ்டி 40 சதவீதம். எக்ஸ் ஷோரூம், அதாவது ஜிஎஸ்டி சேர்த்த ஷோரூம் விலை, 14 லட்சம் ஆகிவிட்டதா? அந்த 14 லட்சத்துக்குத் தமிழ்நாட்டில் ரோட் டாக்ஸ் 18 சதவீதம், அதாவது 2,52,000 ரூபாய். வரிக்கும் சேர்த்து வரி! இன்சூரன்ஸ் போடுவதற்கு முன்பே 16.52 லட்சம். நீங்கள் கொடுத்ததில் ஆறரை லட்சம் காருக்குள்ளேயே போகவில்லை. அப்புறம் கதவு தகரம் மாதிரி சத்தம் போடுகிறது என்றால் எப்படி?

ரோட் டாக்ஸில் இன்னொரு வேடிக்கை. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9.99 லட்சம் காருக்கு வரி சுமார் 1.30 லட்சம், 10.05 லட்சம் காருக்கு 1.81 லட்சம். ஆறாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஐம்பத்தோராயிரம் தண்டம். வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது பளபள அலாய் வீலைப் பார்க்காமல் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்கிற விவகாரம் 2006 பட்ஜெட்டில் ஆரம்பித்தது. நம் ஊர்க் கார்களின் உருவத்தையே அது மாற்றிவிட்டது. நெக்ஸான், வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா எல்லாவற்றின் நீளமும் 3995 மில்லிமீட்டர். தற்செயலா என்ன? முதல் டிசையர் 4160 மில்லிமீட்டர் இருந்தது. 2012-ல் டிக்கியை வெட்டி 3995-க்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்கத்தைக் கத்தரித்த அந்தக் காரை அழகு என்று யாராவது சொன்னால் நான் வாயே திறப்பதில்லை. பிரெஸ்ஸா கதை இன்னும் சுவாரசியம்: நீளம் சரி, ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி, அதனால் சின்னக் காருக்கான 18 சதவீத ஜிஎஸ்டி சலுகை கிடையாது. இப்படி வரிச் சட்டத்தை ஸ்கேலாக வைத்துத்தான் இங்கே கார் வரைகிறார்கள். ஓட்டுகிறவன் வசதி அதற்கப்புறம்.

இப்போது தரம். பானெட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "தகரம் மெல்லிசா இருக்கே" என்று தீர்ப்பு சொல்கிற மாமாக்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பானெட் நசுங்கத்தான் வேண்டும், குறுக்கே வந்த மனுஷன் மேல் மோதினால் அவன் தலை உடையக்கூடாது என்பதற்காக. உங்களைக் காப்பாற்றுவது ஆட்கள் உட்காருகிற பகுதியைச் சுற்றி இருக்கிற இரும்புக் கூடும், பெல்ட்டும், ஏர்பேகும். 2014-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று கொடுக்கிற குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது, நம் ஆட்கள் "டாங்கி மாதிரி" என்று கொண்டாடிய ஃபோக்ஸ்வாகன் போலோவும் பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கியது, ஏர்பேக் இல்லாததால். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்ததும் நாலு ஸ்டார். தகரம் மாறவில்லை. அதே சோதனையில் ஆல்ட்டோவும் நானோவும் வேறு ரகம். அவற்றின் கூடே நிலைகுலைந்துவிட்டது, ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இருந்திருக்காது. கதவு "டப்" என்று மூடுகிற சத்தத்தை வைத்து இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம் தரம் ஏறியிருக்கிறது. 2018-ல் நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கியது, 2024-ல் மாருதி டிசையரே வாங்கியது. பத்து வருஷம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கம்பெனிகள் இன்னும் கஞ்சத்தனம் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். ஒல்லி டயர், மெழுகுவர்த்தி வெளிச்ச ஹெட்லைட், டிக்கியில் சின்ன சைஸ் ஸ்டெப்னி. ஏசி குளிரைக் கூட்ட ஒரு திருகு போதும், அதைப் பிடுங்கிவிட்டு டச் ஸ்கிரீனுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். ஏன்? நாம் ஷோரூமில் டயர் அகலத்தைக் கேட்பதில்லை, ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்றுதான் கேட்கிறோம். பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிற பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை மட்டும் காசு கொடுத்து வாங்கிச் சொருகுகிற ஜனம் நாம்.

போன வருஷம் என் சித்தப்பா பையன் கார் எடுத்தான். ஷோரூம் பெயர் வேண்டாம். எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலைப் பேப்பரில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று எட்டாயிரம். மேட், மட் ஃபிளாப், பெர்ஃப்யூம் பாட்டில் எல்லாம் சேர்த்து "எசென்ஷியல் கிட்" இருபத்திரண்டாயிரம். இன்சூரன்ஸ் வெளியில் கேட்டதைவிடப் பதினாலாயிரம் அதிகம். வெளி இன்சூரன்ஸ் கொட்டேஷனை மேஜையில் வைத்து, "ஹேண்ட்லிங் எந்த விதியில வருதுங்க?" என்று கேட்டேன். சேல்ஸ் பையன் உள்ளே போய்விட்டு வந்தான், ஹேண்ட்லிங் காணாமல் போயிருந்தது. கிட்டும் போனது. இன்சூரன்ஸை வெளியில் போட்டோம். முக்கால் மணி நேரப் பேச்சில் நாற்பத்து நாலாயிரம் மிச்சம்.

மிச்சமானதை நல்ல டயருக்குப் போடு என்றேன், ஹெட்லைட் நன்றாக இருக்கிற வேரியன்டையும் காட்டினேன். "அண்ணா, பாப்பா சன்ரூஃப் கேட்டு அழுவுதுண்ணா" என்று மேலே இன்னும் ஐம்பதாயிரம் போட்டு சன்ரூஃப் வேரியன்ட் எடுத்தான். டெலிவரி அன்றைக்குத் திறந்தது. சித்திரை வெயில் வந்ததும் உள்மறைப்பை இழுத்துவிட்டவன்தான், இன்னும் திறக்கவில்லை. போன வாரம் ராத்திரி தாராபுரம் ரோட்டிலிருந்து போன் பண்ணினான்: "எதிர்ல லாரி வந்தா ஒண்ணுமே தெரியலண்ணா, இந்த ஹெட்லைட்டை மாத்த முடியுமா?"