மாத்திரையை நிறுத்தாதீர்கள், கார்த்திக்

அன்புள்ள அம்மா,

என் தாயாருக்கு முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் வீக்கத்தைக் குறைக்கும் என்கிறார்களே, மாத்திரையை நிறுத்திவிட்டு மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூலுக்கு மாறலாமா? இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதே? ஈரோட்டு மஞ்சள் நல்லதா, சேலத்து மஞ்சளா? சமையலில் சேரும் மற்ற மூலிகைகளைப் பற்றியும் எழுதுங்கள்.

கார்த்திக், பெரம்பூர்

அன்புள்ள கார்த்திக்,

ஈரோடா சேலமா என்பதை மளிகைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘நிறுத்திவிட்டு’ என்ற ஒரு சொல்தான்.

திருவல்லிக்கேணியில் என் அத்தை வீட்டு மொட்டைமாடியில் உடைந்த வாளி ஒன்றில் கற்பூரவல்லி வளர்ந்தது. எங்களுக்குச் சளி பிடித்தால் இலையை நகத்தால் கிள்ளி, அனலில் வாட்டி, சாறு பிழிந்து தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். அந்த வாசனையில் கார்வக்ரால் என்ற பொருள் இருக்கிறது, இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால் காயும்போது அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுவதால்தான் சுக்குக்கு அந்தக் காரம் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். அதே அத்தைக்கு முடக்குவாதம் வந்தபோது யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சளும் சுக்குமாக எட்டு மாதம் ஓட்டினாள். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். அதற்குப் பிறகு இலை கிள்ள அவள் விரல் வளையவில்லை. முடக்குவாதத்தில் மூட்டு ஒருமுறை அரித்துப்போனால் பழையபடி ஆகாது, கார்த்திக்.

குர்குமின் பொய் என்று நான் சொல்லவில்லை. அழற்சியைத் தூண்டும் சில சமிக்ஞைகளை அது ஆய்வுக்கூடத்தில் அடக்குகிறது, உண்மை. ஆனால் மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்குதான். ஒருவர் தட்டுக்கு ஒரு நாளில் வரும் மஞ்சள் ஒன்றரை கிராம் என்றே வையுங்கள், 45 மில்லிகிராம் தேறும். கேப்ஸ்யூலில் பெரும்பாலும் 500. வெறும் குர்குமின் உடம்பில் சரியாக ஒட்டாது, வந்த வேகத்தில் குடலும் கல்லீரலும் அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்தபோது, அது ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. இதைத்தான் கேப்ஸ்யூல் டப்பாவில் பெருமையாகப் போடுகிறார்கள். சரி, குர்குமினுக்குத் திறந்த கதவு வேறு சில மருந்துகளுக்கும் திறக்குமே, அதை யோசித்தீர்களா? மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கே கல்லீரலைக் கவனிக்க ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். இயற்கையாம், பக்கவிளைவே இருக்காதாம்! வீக்கத்தைக் குறைக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிற பொருள் உடம்பில் வேறெங்கும் கை வைக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? படித்த பிள்ளை இப்படிக் கேட்கலாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அம்மாவுக்காக ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு தேடிப் படிக்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ரசத்தில் மிளகு தட்டிப் போடுங்கள், சுக்குக் காபி போட்டுக் கொடுங்கள், அதில் பயமில்லை. கேப்ஸ்யூல் வாங்கியிருந்தால் டப்பாவோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். அதற்கு முன்னால், இந்த வார மாத்திரையை அம்மா போட்டாரா என்று இன்றைக்கே அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.