மலைப் பேருந்தில் நெஞ்சு படபடக்கிறது: பயம் முதலில் வருகிறதா, யோசனையா?

குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 41 வயது, சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை. ஐந்து மாதம் முன்பு மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, செத்துவிடுவோம் என்று தோன்றி, வழியிலேயே பர்லியாரில் இறங்கிவிட்டாராம். இரண்டு தடவை இசிஜி, ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்க்க அதற்குப் பிறகு போகவே இல்லை. "அளவுக்கு மீறி யோசிக்கிறாய், யோசிக்காமல் இரு" என்கிறார் மாமியார். மெடிக்கல் கடையில் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதியைத் தினமும் ராத்திரி போடுகிறார். "யோசிப்பதால் பயம் வருகிறதா, பயம் வருவதால் யோசிக்கிறேனா? யோசனையை நிறுத்த மருந்து இருக்கிறதா?" இதுதான் அவர் கேள்வி.

சகோதரி, அப்படி ஒரு மருந்து கிடையாது, யோசனையை நிறுத்தவும் வேண்டாம். யோசிக்காதே என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பாதிப் பேரை இன்னும் பயப்பட வைக்கிறோம், ஏனென்றால் ஒன்றை நினைக்கக்கூடாது என்று காவல் இருப்பவருக்கு அது ஞாபகத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

எது முதலில் என்றால், இரண்டு விதமாகவும் நடக்கும். பொழுது சாயும் நேரம் தோட்டத்துப் பாதையில் மூடுபனிக்குள் கறுப்பாக ஏதோ நிற்கிறது. காட்டெருமை என்று மனசுக்குள் பெயர் வைப்பதற்கு முன்பே உங்கள் கால் பின்வாங்கிவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே உடம்புதான் முந்துகிறது, அது நம்மைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. உணர்ச்சிக்கு மெய்ப்பாடு (மெய் என்றால் உடம்பு) என்று பழைய தமிழில் பேர் வைத்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அப்புறம் உற்றுப் பார்த்து, அட, வெட்டிப் போட்ட சில்வர் ஓக் கட்டை என்று தெரிந்ததும் இரண்டு நிமிடத்தில் படபடப்பு இறங்கிவிடுகிறது. யோசனை போய் உணர்ச்சியைத் திருத்திவிட்டது. சாதாரணப் பயம் இப்படித்தான் வந்து போகும்.

உங்கள் பேருந்தில் நடந்தது வேறு. அந்த இறக்கத்தில் வளைவுக்கு வளைவு உடம்பு ஆடும், காது அடைக்கும், டீசல் நாற்றம் வயிற்றைப் புரட்டும், யாருக்குமே லேசாகத் தலை சுற்றும். அன்றைக்கு அந்தச் சுற்றலுக்கு உங்கள் மனசு "இது மாரடைப்பு" என்று அர்த்தம் சொல்லிவிட்டது. அதைக் கேட்ட உடம்பு அட்ரினலினைக் கொட்டியது, மூச்சு வேகமானது, வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், குறைந்தால் விரல் மரக்கும், வாயைச் சுற்றிக் குறுகுறுக்கும். அதைப் பார்த்து மனசு "பார், நான் சொன்னேனே" என்கிறது. செக்கு மாடு மாதிரி இந்தச் சுற்று. உடம்பில் தோன்றும் சாதாரண அறிகுறியைப் பேராபத்து என்று தப்பாகப் படிப்பதுதான் இந்தப் பீதி நோயின் மையம் என்று 1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதினார். அதன் மேல் கட்டிய பேச்சு சிகிச்சை இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது.

பர்லியாரில் இறங்கினீர்களே, அதுதான் பெரிய சேதம். பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும். அது இறங்குவதற்குள் நீங்கள் இறங்கிவிட்டீர்கள். கட்டையை உற்றுப் பார்க்காமல் ஓடிவந்தவருக்கு அது கடைசி வரை காட்டெருமைதான்.

இப்போது அந்த மாத்திரை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுப்பது சட்டப்படி தப்பு, தனிப் பதிவேட்டில் எழுதி வைத்துத்தான் விற்க வேண்டும். ஆனாலும் "நல்லாத் தூங்கலாம்க்கா" என்று கத்தரித்துக் கொடுக்கிறார்கள். வாரக்கணக்கில் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். அதனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் படபடப்பு இரண்டு மடங்காகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம், "கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துவிடலாம், வண்டி நான் ஏற்பாடு பண்ணுகிறேன்" என்று வருகிற ஆட்கள். அவர்களுக்கு அங்கே கமிஷன். என்னிடம் வந்த ஒருவர் நகையை அடகு வைத்து எடுத்த அறிக்கைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார், எல்லாமே நார்மல், பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஸ்கேனும் "ஏதோ இருக்குமோ" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத் தீனி போடுகிறது.

ஒரே ஒரு பரிசோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: தைராய்டு. அது அதிகமாகச் சுரந்தால் அசல் பதற்ற நோய் மாதிரியே இருக்கும், எத்தனை பேசினாலும் தீராது. பேருந்தில் என்று இல்லை, எந்நேரமும் இருக்கும், தூங்கும்போதுகூட நாடி ஓடும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், நீட்டிய விரல் நடுங்கும். மார்கழிக் குளிரில் வீடே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் புழுங்குகிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றினால் எனக்கு உடனே தைராய்டு சந்தேகம்தான். அப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் கோயில் கோயிலாக மந்திரித்தார்கள். தொடக்கத்துக்கு டிஎஸ்ஹெச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், பேக்கேஜ் வேண்டாம்.

அது சரியாக இருந்தால் ஊட்டி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஒரு நாள் இலை பறிப்பு போகும், தெரியும். வரிசையில் நின்றபின் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம், பேச்சு சிகிச்சைக்கு ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? இந்த மலைக்கு இன்னும் நிறைய உளவியலாளர்கள் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. காத்திருக்கும் நாட்களில் 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: "தலை சுற்றினால் செத்துவிடுவேன்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தோடுதான் நமக்குச் சண்டை. முற்றத்தில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள், அதே படபடப்பு வரும், உட்கார்ந்து அது அடங்குவதைப் பாருங்கள். ஒரு வாரம் இப்படி. பிறகு மரப்பாலம் வரை பேருந்தில், அடுத்து பர்லியார், அப்புறம் கல்லாறு. வழியில் படபடப்பு வந்தால் அது தணியும் வரை இறங்காதீர்கள். கதவு ஓர சீட் வேண்டாம். மேட்டுப்பாளையம் போகிற அன்றைக்கு மகளை அங்கே வந்து நிற்கச் சொல்லாதீர்கள், கோவைக்கு நீங்களே போய் இறங்கிய பிறகு போன் பண்ணுங்கள்.